ஜெனிவாத் தீர்மானம் முதல் சத்தியக்கடதாசி வரை: காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள்

காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் பிறகு வடக்கு, கிழக்கில் பல இடங்களில் கொட்டகைகள் எழுந்தன. செய்தி சேகரிக்க அங்கு போகும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது அரசியல் கேள்வி அல்ல. ஒரு கடதாசியை நீட்டி, "தம்பி, இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்றுதான் கேட்பார்கள்.

ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. ஆகவே ஜெனிவாவில் எங்களைப் பற்றி எழுதப்படுவதை நாங்கள் ஆங்கிலத்திலேயே வாசிக்க வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் அகராதிக் கருத்துத்தான் கிடைக்கிறது. சட்ட ஆவணத்தில் அதே சொல்லுக்கு வேறு கருத்து இருக்கலாம். அந்த வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் உரிமை தங்கியிருக்கவும் கூடும். அப்படிப்பட்ட சில சொற்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

'மிஸ்ஸிங்', 'டிஸப்பியர்ட்'

'மிஸ்ஸிங்' என்றால் ஆளைக் காணவில்லை என்பது மட்டுமே. யார் காரணம் என்பதை அந்தச் சொல் சொல்லாது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான். போரில் காணாமல்போன படையினரும் அச்சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருகிறார்கள்.

'என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்' என்பது குற்றத்தின் பெயர். ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட சமவாயத்தின்படி அதற்கு மூன்று கூறுகள் உண்டு. ஒருவரின் சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் அரசின் முகவர்களாகவோ அரசின் அனுமதி, ஆதரவு அல்லது உடந்தையுடன் இயங்கியவர்களாகவோ இருக்க வேண்டும். பிறகு அது மறுக்கப்பட்டோ மறைக்கப்பட்டோ இருக்க வேண்டும். இதனால் அந்த நபர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படுகிறார். இலங்கை இந்தச் சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தி, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக உள்நாட்டிலும் கொண்டுவந்தது.

தமிழில் இந்த வேறுபாட்டைத் தாய்மார் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். 'காணாமல் போனார்' என்றால் அவரே எங்கோ போய்விட்டார் என்பதுபோல இருக்கிறது. 'காணாமலாக்கப்பட்டார்' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். ஆங்கிலப் படிவத்திலும் இதே கவனம் வேண்டும்.

கூடவே மூன்று சொற்களைப் பிரித்து அறிந்திருங்கள். 'சரண்டர்ட்' என்றால் சரணடைந்தார். 'அரெஸ்டட்' என்றால் கைது செய்யப்பட்டார். 'அப்டக்டட்' என்றால் கடத்தப்பட்டார். 2009 மே மாதம் வட்டுவாகலில் கண்முன்னே படையினரிடம் கையளித்த ஒருவரைப் பற்றி 'மிஸ்ஸிங்' என்று மட்டும் எழுதினால், கண்ணால் கண்ட சாட்சியமே அந்தக் கடதாசியிலிருந்து விழுந்துவிடுகிறது.

'அக்வியெஸென்ஸ்'

மேலே 'உடந்தை' என்று நான் எழுதியதற்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் இது. கட்டளை இடாவிட்டாலும், உதவி செய்யாவிட்டாலும், நடப்பது தெரிந்தும் தடுக்காமல் இருந்தது என்பது அதன் கருத்து. கண்டும் காணாமல் விடுதல் என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். வெள்ளை வானில் வந்தவர்கள் சீருடை அணிந்திருக்கவில்லை என்பதால் மட்டும் அரசு பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்று வாதிட இந்த ஒரு சொல் இடம் தருகிறது.

'ஃபேட்', 'வேர்அபௌட்ஸ்'

இவை இரண்டும் சேர்ந்தே வரும். 'ஃபேட்' என்பதற்கு அகராதி முதலில் தருவது விதி. மகனின் 'ஃபேட்' பற்றி அறியும் உரிமை என்பதை மகனின் தலைவிதியை அறியும் உரிமை என்று வாசித்தால், எல்லாம் கடவுள் செயல் என்று முடிந்துவிடும். இங்கே அதற்குக் கருத்து 'அவருக்கு என்ன நடந்தது' என்பது. 'வேர்அபௌட்ஸ்' என்றால் 'அவர் எங்கே இருக்கிறார்'. இரண்டும் இரு வேறு கேள்விகள். ஒன்றுக்குப் பதில் தந்துவிட்டு மற்றதை விட்டுவிட முடியாது.

'ட்ரேஸ்', 'ப்ரொசிக்யூட்'

'ட்ரேஸ்' என்றால் தடம் பிடித்துத் தேடிக் கண்டறிதல். 'ப்ரொசிக்யூட்' என்றால் குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்தி வழக்கு நடத்துதல். காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் தந்த வேலை முதலாவது. அதன் முடிவுகள் எவருக்கும் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ ஏற்படுத்தா என்று அதே சட்டம் சொல்கிறது. அங்கு போவதா, இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பத்தினதும் முடிவு. ஆனால் அங்கு வழக்குத் தொடுக்கப்படும் என்று நினைத்துக்கொண்டு எவரும் போகக் கூடாது.

'சேர்ட்டிபிக்கேட் ஒஃப் அப்சென்ஸ்'

'அப்சென்ஸ்' என்ற சொல்லைப் பாடசாலை வரவு இடாப்பில் இருந்தே அறிவோம். இங்கே அது, ஆள் காணாமல்போனவராகவே இருக்கிறார், இறந்ததாகப் பதியப்படவில்லை என்பதற்கான சான்றிதழைக் குறிக்கிறது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. மரணச் சான்றிதழ் எடுக்காமலேயே சொத்து, உதவித்தொகை போன்ற அலுவல்களைப் பார்க்க இது வழி தருகிறது. ஆகவே எந்தக் கடதாசியில் ஒப்பமிடும்போதும் அதில் இருப்பது 'அப்சென்ஸ்' என்ற சொல்லா, மரணத்தைக் குறிக்கும் 'டெத்' என்ற சொல்லா என்று முதலில் பாருங்கள்.

'ரிப்பரேஷன்', 'கொம்பன்சேஷன்', 'ரிலீஃப்'

தமிழில் மிகவும் குழம்பிக் கிடக்கும் சொற்கள் இவை. 'ரிலீஃப்' என்பது நிவாரணம். 'இன்டெரிம்' என்ற சொல் முன்னால் வந்தால் அது இடைக்கால நிவாரணம். அதாவது, விடயம் முடிந்துவிடவில்லை. 'கொம்பன்சேஷன்' என்பது இழப்புக்குத் தரப்படும் பணம். 'ரிப்பரேஷன்' இவற்றைவிடப் பெரியது. பணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. இழந்ததை மீள ஒப்படைத்தல், மருத்துவ மற்றும் உளவளப் பராமரிப்பு, இனி நடக்காது என்பதற்கான உத்தரவாதம் ஆகியவையும் அதற்குள் அடங்கும்.

'சட்டிஸ்பெக்‌ஷன்' என்று ஒரு கூறும் அதில் உண்டு. மனத்திருப்தி என்று இதை மொழிபெயர்த்தால் பிழை. நடந்ததைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளுதல், மன்னிப்புக் கோருதல், இறந்தோரை நினைவுகூர இடமளித்தல் போன்றவையே இதன் சட்டக் கருத்து.

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் 'ரிப்பரேஷன்' இருக்கிறது. தமிழில் அது இழப்பீட்டுக்கான அலுவலகம். பணத்துக்கும் இதே சொல்லைத்தான் நாங்கள் வழமையாகப் பயன்படுத்துகிறோம். மொழிபெயர்ப்பில் உரிமையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2022இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை தீர்மானித்தபோது, தாய்மார் பலர் பணம் வேண்டாம், நீதி வேண்டும் என்றார்கள். ஒரு கூறைக் காட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கணக்கு முடிக்க விடமாட்டோம் என்பதே சட்ட மொழியில் அதன் பொருள்.

'இம்பியூனிட்டி', 'இம்யூனிட்டி'

ஒலி ஒன்றுபோல இருந்தாலும் கருத்து வேறு. 'இம்யூனிட்டி' என்பது சட்டமே தரும் விலக்கு. பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு அரசியலமைப்பு தரும் விடுபாட்டுரிமை ஓர் உதாரணம். 'இம்பியூனிட்டி' என்பது குற்றம் செய்தவர் தண்டனையின்றித் தப்பி நிற்கும் நிலை. தண்டனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். 'பனிஷ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்தால் இரண்டும் குழம்பாது.

தீர்மானங்களின் வினைச்சொற்கள்

ஜெனிவாத் தீர்மானத்தில் ஒவ்வொரு பந்தியும் ஒரு வினைச்சொல்லில் தொடங்கும். அதைப் பார்த்தாலே பந்தியின் கனம் தெரியும். 'நோட்ஸ்' என்றால் கவனத்தில் எடுக்கிறது, அவ்வளவுதான். 'வெல்கம்ஸ்' என்றால் வரவேற்கிறது. 'என்கரேஜஸ்' என்றால் ஊக்குவிக்கிறது. 'கோல்ஸ் அப்போன்' என்றால் அரசைக் கோருகிறது. செய்வது அரசின் கையில். 'டிசைட்ஸ்' என்றால் பேரவை தானே ஒன்றைச் செய்ய முடிவெடுக்கிறது.

2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தில் விசாரணை நடத்துமாறு இலங்கை அரசைக் கேட்கும் பந்தி 'கோல்ஸ் அப்போன்' என்று தொடங்குகிறது. சாட்சியங்களைச் சேகரிக்கவும் ஒருங்கிணைக்கவும் ஆராயவும் பாதுகாக்கவும் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் ஆற்றலை வலுப்படுத்தும் பந்தியில் அதற்குரிய வினைச்சொல்லாக 'டிசைட்ஸ்' இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் எது கோரிக்கை, எது நடைமுறை என்பது இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

எப்படிக் கற்பது?

அகராதியை முதலிலிருந்து மனனம் செய்யத் தேவையில்லை. உங்கள் கோவையில் உள்ள கடிதங்களையே பாடப்புத்தகமாக எடுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் அகராதிக் கருத்து, அதற்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தில் அதன் கருத்து, கீழே அந்த வசனம் என்று குறியுங்கள். உயர்தரம் படிக்கும் பேரப்பிள்ளையோடு சேர்ந்து செய்யலாம்.

சொல்லைத் தனியாகப் படிக்காமல் குடும்பமாகப் படியுங்கள். 'அக்கவுண்ட்' என்றால் கணக்கு என்பது வங்கிக்குப் போகும் எவருக்கும் தெரியும். 'அக்கவுண்டபிலிட்டி' என்பது கணக்குக் காட்டவேண்டிய கடமை, அதாவது பொறுப்புக்கூறல்.

சத்தியக்கடதாசி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், சமாதான நீதவான் முன் ஒப்பமிடுவதற்கு முன்னர் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். திகதி, இடம், கையளித்தவர் பெயர், அதற்குரிய வினைச்சொல் ஆகிய நான்கையும் நீங்களே சரிபாருங்கள். ஒரு பிரதியைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள்.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. ஆங்கிலம் தெரிந்துகொண்டோம் என்பதற்காக அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலப் பிரதியையும் அருகில் வைத்து, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள்.