ஹனீஃப் வழக்கு: ‘தொடர்பு’ என்னும் சொல்லின் எல்லை

2007 ஜூலை 16 அன்று பிரிஸ்பேன் நீதிமன்றம் மருத்துவர் முகமது ஹனீஃபுக்குப் பிணை வழங்கியது. சில மணி நேரத்திற்குள் ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ் அவரது விசாவை ரத்து செய்தார். பிணையில் வெளியே வந்தாலும் குடிவரவுத் தடுப்புக்காவலே அவருக்குக் காத்திருந்தது. குற்றவியல் நீதிமன்றம் அளித்ததை நிர்வாக ஆணை ஒன்று பயனற்றதாக்கியது.

கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனீஃப், 457 எனப்படும் தற்காலிகத் திறன்சார் பணி விசாவில் கோல்ட் கோஸ்ட் மருத்துவமனையில் பணியாற்றிவந்தார். அவ்வாண்டு ஜூன் 30 அன்று கிளாஸ்கோ விமான நிலையம் தாக்கப்பட்டது. தாக்கியவர்களுள் ஒருவரான கஃபீல் அகமதும், அவர் சகோதரர் சபீலும் ஹனீஃபுக்குத் தூரத்து உறவினர். 2006இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியபோது ஹனீஃப் தம் சிம் அட்டையைச் சபீலிடம் கொடுத்திருந்தார். பிறந்து சில நாளே ஆன மகளைக் காண ஊர் திரும்பவிருந்தவர், ஜூலை 2 அன்று விமான நிலையத்தில் கைதாகி, 12 நாள் குற்றச்சாட்டின்றிக் காவலில் இருந்தார். அந்த சிம் அட்டை தாக்குதல் வாகனத்தில் இருந்ததாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது. உண்மையில் அது லிவர்பூலில் சபீலிடம் இருந்தது. ஜூலை 27 அன்று குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. விசா மட்டும் திரும்பவில்லை. ஹனீஃப் பெங்களூரு திரும்பினார். விசா ரத்தை எதிர்த்த வழக்கு அங்கே தொடர்ந்தது.

வழக்கின் மையம் ஒரு சொல். 1958ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பிரிவு 501இன்படி, குற்றச் செயலில் ஈடுபட்டவர் என அமைச்சர் நியாயமாக ஐயுறும் ஒருவருடன் ‘தொடர்பு’ உடையவர் நன்னடத்தைச் சோதனையில் தேறமாட்டார். உறவும் பழக்கமுமே தொடர்பு என்று அமைச்சர் கொண்டார். அந்த அளவுகோலின்படி, கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய தாமும் தேறமாட்டேன் என்று விசாரணையின்போது சுட்டிக்காட்டினார் நீதிபதி ஜெஃப்ரி ஸ்பெண்டர். ஆகஸ்ட் 21 அன்று அவர் ரத்து ஆணையைச் செல்லாததாக்கினார். குற்றமற்ற குடும்ப உறவு சட்டம் கருதும் தொடர்பு ஆகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஒருவரது நடத்தைமீது கறை படிய வைக்கும் தொடர்பே கருதத்தக்கது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வும் டிசம்பர் 21 அன்று கூறி, அமைச்சரின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

தமிழ் மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. வள்ளுவர் ‘சிற்றினம் சேராமை’க்கு ஓர் அதிகாரமே வகுத்தார். சேர்வது ஒருவர் தாமே தேர்வது. அதற்கு அவர் பொறுப்பேற்கலாம். உறவோ பிறப்பால் அமைவது. அமைச்சரின் பொருள்கோள் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது.

2008இல் வெளியான கிளார்க் விசாரணை அறிக்கை ஹனீஃபுக்கு எதிராகச் சான்று இல்லை என்று உறுதிசெய்தது. 2010 டிசம்பரில் அவருக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் 2014இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அதே பிரிவு 501ஐத் திருத்தியது. இப்போது தொடர்பு உண்டு என்று அமைச்சர் நியாயமாக ஐயுற்றாலே போதும். அதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

முலுண்டிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ பணி விசாவில் செல்பவர் தம் கல்வியையும் திறனையும் சான்றிதழ்களால் நிறுவிவிடலாம். அவர் அங்கே தங்கியிருக்கும் உரிமையோ, அந்நாட்டுச் சட்டத்தின் ஒரு சொல்லுக்கு யார் பொருள் கூறுகிறார் என்பதையும் சார்ந்தது. ஹனீஃப் வழக்கில் அவ்வதிகாரத்தை நீதிமன்றம் அமைச்சரிடமிருந்து மீட்டது. ஏழாண்டுகளில் அதன் பெரும்பகுதி சட்டத்தின் வழியே அமைச்சரிடமே திரும்பிவிட்டது.