அன்னையர் தினத்துக்கு வாங்கிய கார்

கார் வாங்கும்போது ஷோரூமில் நீட்டப்படும் தாள்களை முழுவதும் படித்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பேனாவைக் கொடுத்து "இங்கே, இங்கே, இங்கே" என்று காட்டுவார்கள். கையெழுத்து போட்டுவிட்டுச் சாவியை வாங்குவதுதான் வழக்கம். அப்படிப் போட்ட ஒரு கையெழுத்து ஐந்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் அலசப்பட்டு, வணிகச் சட்டத்தின் போக்கையே மாற்றிய கதை இது.

இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம். 1955 மே 7 அன்று ஒரு தம்பதி ப்ளூம்ஃபீல்டு மோட்டார்ஸ் என்ற டீலரிடம் சென்றனர். ஃபோர்டா, செவர்லேயா, பிளிமத்தா என்ற யோசனையில் இருந்தவர்களுக்கு பிளிமத் பிடித்துப்போனது. அது கிரைஸ்லர் நிறுவனத்தின் தயாரிப்பு. மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகக் கொடுக்க நினைத்த கணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மே 9 அன்று வண்டி கைக்கு வந்தது.

பத்தாவது நாள், மே 19. மனைவி காரை ஓட்டி வந்துகொண்டிருந்தார். வேகம் மணிக்கு 20 முதல் 22 மைல்தான். சாலையும் சீராகவே இருந்தது. திடீரென்று முன்பக்கம் அடியிலிருந்து பெரிய சத்தம். ஸ்டியரிங் கையில் தானாகச் சுழன்றது. கார் வலப்பக்கம் திரும்பி நெடுஞ்சாலைப் பலகையிலும் செங்கல் சுவரிலும் மோதியது. எதிரே வந்த பஸ் ஓட்டுநர் இதைப் பார்த்தார். மீட்டரில் அப்போது ஓடியிருந்தது 468 மைல்.

முன்பகுதி நொறுங்கிப்போனதால் எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் ஆய்வாளர் மட்டும், ஸ்டியரிங்குக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே ஏதோ இயந்திரக் கோளாறு நடந்திருக்க வேண்டும் என்று சாட்சி சொன்னார்.

தம்பதி டீலர் மீதும் கிரைஸ்லர் மீதும் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்கு எதிரே மூன்று சுவர்கள் நின்றன.

முதலாவது, கவனக்குறைவை நிரூபிப்பது. 1916-லேயே நியூயார்க் நீதிபதி கார்டோசோ, ப்யூக் கார் வழக்கில், டீலர் மூலம் விற்றாலும் தயாரிப்பாளரின் கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்திருந்தார். ஆனால் இங்கே பாகமே நொறுங்கிவிட்டது, எதைக் காட்டி நிரூபிப்பது? விசாரணை நீதிபதி அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார். எஞ்சியது உத்தரவாதம் மட்டுமே.

இரண்டாவது, அந்தக் கையெழுத்து. ஒப்பந்தத்தின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் பாகம் பழுதானால், போக்குவரத்துச் செலவை வாங்கியவரே கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். பழுது உறுதியானால் பாகம் மாற்றித் தரப்படும். வேறு எந்த உத்தரவாதமும் கிடையாது. உயிர் தப்பியவர் உடைந்த ஸ்டியரிங்கைப் பார்சல் கட்டி அனுப்பலாம், மருத்துவச் செலவைக் கேட்கக்கூடாது என்பதே இதன் பொருள்!

மூன்றாவது, ஒப்பந்த உறவு. டீலரிடம் வாங்கியதால் கிரைஸ்லருக்கும் கணவருக்கும் ஒப்பந்தம் இல்லை. மனைவியோ எதிலுமே கையெழுத்திடவில்லை.

ஜூரி தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1960 மே 9 அன்று, கார் கைக்கு வந்து சரியாக ஐந்து ஆண்டுகள் முடிந்த அதே நாளில், நீதிபதி ஜான் பிரான்சிஸ் தீர்ப்பை எழுதினார். தம்பதி வென்றனர்.

அவர் முக்கியமாகக் கவனித்தது ஒன்றுண்டு. அந்தப் பொடி எழுத்து ஒரு கம்பெனியின் தந்திரம் மட்டுமல்ல. கார் தயாரிப்பாளர் சங்கமே வகுத்துக்கொடுத்த வாசகம் அது. சங்க உறுப்பினர்களில் மூன்று பெரிய நிறுவனங்கள் மட்டுமே 1958-ல் அமெரிக்கப் பயணிகள் கார்களில் 93.5 சதவீதத்தைத் தயாரித்தன. பிளிமத்தை விட்டு ஃபோர்டுக்கோ செவர்லேக்கோ போயிருந்தாலும் அதே நிபந்தனைதான். பேரம் பேச வழியே இல்லாத இடத்தில் போட்ட கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? கணவர் அந்த வரிகளைப் படிக்கவில்லை, யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவும் இல்லை. எனவே அந்த நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். விற்கும் கார் ஓட்டத் தகுதியானது என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் தயாரிப்பாளரையும் டீலரையும் கட்டுப்படுத்தும். வாங்கியவரின் குடும்பத்தாருக்கும் அது பொருந்தும்.

'ஹெனிங்சன் எதிர் ப்ளூம்ஃபீல்டு மோட்டார்ஸ்' என்ற இந்த வழக்குக்குப் பின் 1975-ல் அமெரிக்க மத்திய அரசு உத்தரவாதங்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம், திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் கார்களுக்காக முதல் 'லெமன்' சட்டத்தை இயற்றியது.

வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது வணிகவியல் பாடத்தில் வரும் பழைய விதி. விழிப்பாக இருந்தாலும் வேறு வழியில்லாத இடத்தில் அந்த விதிக்கு என்ன மதிப்பு என்று கேட்டதுதான் இந்த வழக்கின் பெருமை. அதற்காக அடுத்த முறை பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்! எல்லோருக்கும் ஒரு ஜான் பிரான்சிஸ் கிடைப்பதில்லை.