புரதங்களின் கொழுப்பேற்றத்தை ஆயும் வேதிமுறைகள்

கொழுப்பேற்றம் என்பது கொழுப்பு அமிலம் போன்ற மூலக்கூறைச் செல் தன் புரதத்தோடு பிணைக்கும் வினை. பல புரதங்கள் சவ்வில் தங்குவது இதனால்தான். 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் பெரும்பாலும் புரதத்தின் முனையிலுள்ள கிளைசினோடு அமைடு பிணைப்பில் சேரும், எளிதில் பிரியாது. 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் சிஸ்டீனின் கந்தகத்தில் தயோஎஸ்டராக ஒட்டுவதால் ஏறும், இறங்கும். எச்-ராஸ், என்-ராஸ் ஆகிய புரதங்கள் கோல்கி உறுப்புக்கும் செல் சவ்வுக்கும் இடையே சுற்றிவருவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

முன்பெல்லாம் டிரிட்டியம் கலந்த பால்மிட்டிக் அமிலத்தைச் செல்லுக்கு ஊட்டி, புரதங்களை ஜெல்லில் பிரித்து, எக்ஸ்ரே பிலிமில் தடம் விழ வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். டிரிட்டியத்தின் கதிர் அவ்வளவு வலுவற்றது.

இந்தக் காத்திருப்பை ஒழித்தது கிளிக் வேதியியல். ஆல்கைனையும் அசைடையும் செம்பு வினையூக்கியால் இணைக்கும் முறையை 2002இல் ஷார்ப்லெஸ் குழுவும் மெல்டால் குழுவும் தனித்தனியே வெளியிட்டன. வால்நுனியில் ஆல்கைன் கொண்ட 17-ஆக்டாடெசினோயிக் அமிலத்தை ஊட்டினால், செல் அதை இயல்பான கொழுப்பு என்றெண்ணிப் புரதத்தில் ஏற்றிவிடுகிறது. பிறகு செல்லை உடைத்து, அசைடு கொண்ட ஒளிர்சாயத்தையோ பயோட்டினையோ சேர்க்கிறார்கள். சாயம் ஜெல்லில் உடனே ஒளிரும். பயோட்டின் ஏறியவற்றை ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் பிடித்து நிறைமாலைமானியில் அடையாளம் காணலாம். செம்பு செல்லுக்கு நஞ்சு என்பதால், உயிருள்ள செல்லில் நடப்பது பொதுவாக ஊட்டும் கட்டம் மட்டுமே. ஜெல்லை ஹைட்ராக்சிலமீனில் நனைத்தால் தயோஎஸ்டர் பட்டைகள் மங்கும். அமைடு பட்டைகள் நிற்கும். பால்மிட்டிக்கா மிரிஸ்டிக்கா என்று பிரித்தறிய இந்தச் சிறு சோதனை பெரிதும் உதவுகிறது.

அசைல்-பயோட்டின் மாற்றம் வேறு வழி. வெறும் சிஸ்டீன்களை என்-எத்தில்மலெயிமைடால் அடைத்து, ஹைட்ராக்சிலமீனால் கொழுப்பை வெட்டி, வெளிப்பட்ட கந்தகத்தில் பயோட்டினைப் பொருத்துவார்கள். 2006இல் ஈஸ்ட்டின் பால்மிட்டிக் ஏறிய புரதங்கள் இவ்வாறே தொகுக்கப்பட்டன. ஊட்டத் தேவையில்லாததால் மூளைத் திசுவுக்கும் பொருந்தும். ஆனால் ஏறியது எந்தக் கொழுப்பு என்று சொல்லாது; வேறு தயோஎஸ்டர்களையும் பிடித்துவிடும். ஊட்டும் முறை காட்டுவது புதிதாக ஏறியதை, மாற்றமுறை காட்டுவது அந்த நொடியில் உள்ள மொத்தத்தை. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதை மறுப்பது தவறு.

ஏற்றத்தைத் தடுக்க 2-புரோமோபால்மிட்டேட் பரவலாகப் பயன்படுகிறது. அது பல நொதிகளிலும் பிற புரதங்களிலும் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடுப்பானை மட்டுமே சான்றாகக் கொண்ட முடிவுகளை வேறு முறையால் சரிபார்க்காமல் ஏற்கலாகாது.