டாஷ்போர்டில் 0 என்றால் என்ன அர்த்தம்? – தொழிற்சாலை கேட்வேயின் முன்கதை

ஒரு தொழிற்சாலையில் ஐ.ஓ.டி. கேட்வே பெட்டியை மாட்டி கிளவுடோடு இணைப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கம் மீட்டரின் வயர், மறுபக்கம் சிம் கார்டு அல்லது லேன் கேபிள், நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர். அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர யூடியூபில் ஏகப்பட்ட பேர் இருக்காங்க. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த நொடியை. எல்லாம் மாட்டியாச்சு. கிளவுட் திரையில் ஓட்டமானிக்கு எதிரே "0" என்று வருது. தண்ணீர் ஓடவில்லையா? மீட்டர் செத்துப்போச்சா? வயர் அறுந்துபோச்சா? நெட் போச்சா?

திருக்கோகர்ணத்துக்காரனுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. மழைப் பதிவேட்டில் ஒரு தேதிக்கு எதிரே 0 இருந்தால் அன்றைக்கு மழை இல்லை. கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு யாரும் அளக்கவில்லை. காலிக் கட்டத்தையும் 0 என்று எடுத்துக்கொண்டு மாதக் கணக்கைக் கூட்டினால், பெய்த மழை காணாமல் போய்விடும். "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் ஒன்றல்ல. கேட்வே என்ற பெட்டிக்குள் இருக்கும் வரலாற்றை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே படிக்கலாம் என்பது என் கட்சி.

இந்த விஷயத்தில் முதல் மார்க் ரயில்வேக்குத்தான். 1872ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கிய டிராக் சர்க்யூட்டில், தண்டவாளத்தின் வழியே எப்போதும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்வரை பாதை காலி என்று பொருள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து அந்த மின்சாரத்தைத் திருப்பிவிடும், ரிலே விழும், சிவப்பு எரியும். பேட்டரி தீர்ந்தாலும், வயர் அறுந்தாலும், தண்டவாளம் உடைந்து துண்டானாலும் அதே சிவப்புதான். தகவல் வராமல் போனால் அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு.

ஆலைகளுக்கும் இந்த யோசனை வந்தது, ஆனால் முதலில் காற்று வழியாக. பழைய கன்ட்ரோல் ரூம்களில் அளவுகளைக் குழாய்க் காற்றழுத்தமாக அனுப்பினார்கள். அளவு பூஜ்யம் என்றால் 3 பி.எஸ்.ஐ., முழு அளவு என்றால் 15. பூஜ்யத்துக்கு எதற்கு 3? குழாய் உடைந்தால் அழுத்தம் உண்மையிலேயே 0 ஆகிவிடும், அப்போது கண்டுபிடிச்சுடலாம் என்பதற்காக. 1950களில் மின்சாரம் அந்த இடத்துக்கு வந்தது, பின்னர் 4 முதல் 20 மில்லியாம்பியர் என்பதே உலக வழக்கமானது. இதற்கு "லைவ் ஜீரோ" என்று பெயர், உயிருள்ள பூஜ்யம். 4 வந்தால் பூஜ்யம். 0 வந்தால் வயர் இல்லை.

இப்போது இந்த வயரை நம் கேட்வேயில் சொருகுவோம். ஓட்டமானியின் அளவு மணிக்கு 0 முதல் 100 கனமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 வந்தால் 0, 12 வந்தால் 50, 20 வந்தால் 100. நேர்கோட்டுக் கணக்கு. வயர் அறுந்து 0 மில்லியாம்பியர் வந்தால்? அதே கணக்கு -25 என்று சொல்லும். கிளவுட் பக்கம் உட்கார்ந்திருக்கும் புரோகிராமருக்கு மணிக்கு -25 கனமீட்டர் அபத்தமாகத் தெரியும். அவர் ஒரு வரி எழுதுவார்: பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வை. பார்க்க நல்ல சுத்தமான கோடுதான். 1950களின் இன்ஜினியர் வயரோடு வயராகச் சேர்த்துவைத்த எச்சரிக்கையை அந்த ஒரே வரி அழித்துவிடுகிறது. 3.6க்குக் கீழே, 21க்கு மேலே வந்தால் பழுது என்று கொள்ளும் நாமூர் பரிந்துரை 1990களிலிருந்தே இருக்கு. கேட்வேயை அமைக்கும்போது அந்த எண்களைத் தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது மோட்பஸ். பி.எல்.சி. என்ற கருவியை உலகுக்குக் கொண்டுவந்த மோடிகான் நிறுவனம் தன் கருவிகள் பேசிக்கொள்ள 1979ல் வெளியிட்ட மொழி இது. இன்றும் மலிவான மின்மீட்டர் வாங்கினால்கூடப் பின்பக்கம் இதற்கான இரண்டு திருகு இருக்கும். எளிமைதான் அதன் பலம், அதுவே அதன் சிக்கலும். ஒரு ரெஜிஸ்டருக்கு 16 பிட். 0 முதல் 65,535 வரை எல்லாமே செல்லுபடியாகும் எண்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அங்கே தனியாக ஓர் இடம் கிடையாது. தசம எண்ணுக்கு இரண்டு ரெஜிஸ்டர் வேணும், எது முன்னால் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 25.0 என்ற எண் 16840, 0 என்று இரண்டு துண்டாக வரும். வரிசை மாற்றிப் படித்தால் 25 டிகிரி கிட்டத்தட்ட பூஜ்யமாகத் தெரியும். இன்னொரு பொய்ப் பூஜ்யம்!

மீட்டர் பதிலே சொல்லாவிட்டால்? மோட்பஸ் விதிகளில் இதற்கென்றே 11ஆம் எண் பிழைக்குறி இருக்கு: கேட்வேக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருவி பதில் தரவில்லை என்று அர்த்தம். ஆனால் பல கேட்வேக்களில் "பதில் வராவிட்டால் என்ன செய்ய?" என்று ஒரு செட்டிங் உண்டு. கடைசி மதிப்பையே வைத்திரு, அல்லது பூஜ்யம் ஆக்கு. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பழுது மேலே தெரியாது. கேட்வே அமைப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தச் செட்டிங்தான், கிளவுட் பாஸ்வேர்டெல்லாம் அப்புறம்.

கிளவுட் பக்க மொழியான எம்.க்யூ.டி.டி. பிறந்தது 1999ல். ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எழுதியது. செயற்கைக்கோள் இணைப்பில் ஒவ்வொரு பைட்டும் காசு. அதனால் நொடிக்கு நொடி "என்ன அளவு, என்ன அளவு" என்று கேட்பதை விட்டுவிட்டு, மாறினால் மட்டும் சொல் என்றார்கள். நல்ல சிக்கனம். ஆனால் இதனால் நம் கதையில் ஒரு திருப்பம்: மௌனம் சாதாரண விஷயமாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை என்றால் எதுவும் மாறவில்லை என்றும் இருக்கலாம், இணைப்பே போய்விட்டது என்றும் இருக்கலாம்.

அதற்கு அவர்கள் வைத்த மருந்து "லாஸ்ட் வில்", அதாவது உயில். இணையும்போதே கருவி ஒரு செய்தியை நடுவிலுள்ள புரோக்கரிடம் எழுதிக் கொடுத்துவிடும். பேசிக்கொண்ட இடைவெளியின் ஒன்றரை மடங்கு நேரத்துக்கு அதனிடமிருந்து சத்தமே இல்லை என்றால், புரோக்கர் அந்த உயிலைப் படித்து எல்லாருக்கும் அறிவிக்கும். ஒருவகையில் 4 மில்லியாம்பியரின் பேரன்.

ஆனால் உயில் கேட்வேயின் சாவைத்தான் சொல்லும். கேட்வே நன்றாக இருந்து அதற்குப் பின்னால் மீட்டர் செத்தால் உயில் திறக்கப்படாது. அதே நிப்பர் பின்னாளில் ஸ்பார்க்பிளக் என்ற விதிமுறையைக் கொண்டுவந்தார். அதில் கேட்வேயின் பிறப்பு, இறப்புக்கு ஒரு செய்தி, பின்னால் தொங்கும் ஒவ்வொரு கருவியின் பிறப்பு, இறப்புக்கும் தனிச் செய்தி. 2023ல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது.

சரி, ஒரு பூஜ்யத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? திருப்பூரைப் பாருங்கள். சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகி, பாசன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனையானது. அது நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். வேலை இழந்தவர்கள் பக்கமும் விவசாயிகள் பக்கமும் நியாயம் இருந்த வழக்கு அது.

பிறகு 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய அளவுகளைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்கும்படி வெளியிடச் சொன்னது. அதாவது ஆலை வயர், கேட்வே, சர்வர், கடைசியில் ஆற்றோர விவசாயியின் செல்போன்.

இங்கே வெளியேற்றம் 0 என்பதுதான் சட்டம் கேட்கும் எண். மற்ற ஆலைகளில் ஓட்டமானி செத்தால் யாராவது கவலைப்படுவார்கள், உற்பத்தி நஷ்டம் என்று கத்துவார்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் ஆலையில் அறுந்த வயரும் ஒழுக்கமான ஆலையும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். வாரியத்துக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் இத்தகைய ஆலைகளுக்கு ஓட்டமானியோடு வெப் கேமராவும் வைக்கச் சொல்லி வழிகாட்டுதல் இருக்கு. எண்ணை மட்டும் நம்பாமல் குழாயின் வாயையும் பார்ப்பது.

நான் ஒரு சாயப்பட்டறைக்குக் கேட்வே அமைத்தால் கிளவுடுக்கு ஓட்ட அளவை மட்டும் அனுப்ப மாட்டேன். அளந்த நேரம், வயரில் வந்த அசல் மில்லியாம்பியர், மீட்டர் கடைசியாகப் பதில் சொன்ன நேரம், நான்கையும் ஒரே செய்தியில் அனுப்புவேன். நேரத்தைக் கேட்வேயிலேயே குறிக்கணும், பெட்டிக்குள் கடிகாரத்துக்குப் பேட்டரி இருக்கணும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் நெட் கிடைக்கும்வரை சில லினக்ஸ் பெட்டிகள் 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று சொல்லிக்கொண்டிருக்கும். வயரில் 4 வந்தால் திரையில் 0. அதற்குக் கீழே இறங்கிப் பழுது எல்லையைத் தாண்டினால் திரையில் எண்ணே வரக்கூடாது, மழைப் பதிவேடு மாதிரி காலிக் கட்டம்தான்.