பறிமுதல்

பறி + முதல். வினைத்தொகை என்பதால் பறித்த முதல், பறிக்கிற முதல், இனிப் பறிக்கப்போகும் முதல் மூன்றும் இதற்குள் அடக்கம். முதல் என்றால் இங்கே கைப்பொருள்; கடைக்காரர் 'முதல் போட்டேன்' என்கிறாரே, அதே முதல். வழிப்பறியிலும் இந்தப் பறிதான். பறிப்பவரைப் பொறுத்துச் சொல்லின் மரியாதை கூடுகிறது. தாமிரபரணிக் கரையில் மீன் கூடைக்கும் பறி என்று பெயர். இரண்டுக்கும் உறவு கற்பிக்க மாட்டேன். ஆனாலும் உள்ளே போனது லேசில் வெளியே வராது.

பத்திரிகைக்காரர்களுக்கு இச்சொல்லை நன்றாகப் பழக்கியது 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம். ஜாமீன் தொகை கட்ட வேண்டும். ஆட்சேபமானது அச்சேறினால் தொகை பறிமுதல். மறுபடியும் அச்சேறினால் அச்சு இயந்திரமே பறிமுதல். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்ட 1911இல், பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டும் தடைக்குள்ளாயின. இரண்டாவது, தீண்டாமையைப் பேசும் சிறுகதை! அவர் இறந்து ஏழாண்டு கழித்தும், 1928இல், பாடல் நூல்கள் பறிமுதலாயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி கண்டித்துப் பேசினார்.

1910ஆம் ஆண்டுச் சட்டம் 1922இல் நீங்கியது. நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மட்டும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தங்கியது; 2024இல் அச்சட்டம் நீங்கியும், அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் இன்றும் இருக்கிறது.