சீரணி அரங்கம்: டிக்கெட் இல்லாத தியேட்டர்

மெரினா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுண்டல், பலூன் சுடுவது, குதிரை சவாரி. அங்கே ஒரு திறந்தவெளி அரங்கமும் இருந்தது தெரியுமா நண்பர்களே? பெயர் சீரணி அரங்கம். நம் செட்டில் யாருக்கும் அது நினைவிருக்காது. 2003-லேயே இடித்துவிட்டார்கள்.

முதலில் அந்த மணலின் கதை. துறைமுகம் வருவதற்கு முன்பு கடல் சாலைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு இந்தப் பக்கம் குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் இங்கே நடைபாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார். ஆங்கிலேயர் காற்று வாங்கப் போட்ட இடம்தான். ஆனால் 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் இதே திருவல்லிக்கேணி கடற்கரையில் சுதேசி பற்றிப் பேசினார். அவரை அழைத்து வந்தவர்களில் பாரதியார் முக்கியமானவர். அன்று மேடை என்று நிரந்தரமாக எதுவும் கிடையாது. மணலே அரங்கம்.

நிரந்தர மேடை வந்தது 1970-ல். அண்ணா முதல்வராக இருந்தபோது பொதுத்தொண்டுக்காக உருவான அமைப்பு சீரணி. அந்தப் பெயரே அரங்கத்துக்கும் வந்தது. மேடை மட்டும்தான் கட்டடம். நாற்காலி, சுவர், கேட் எதுவும் இல்லை. அரசியல் கூட்டங்களும் பொது விழாக்களும் அங்கே நடந்தன.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. இதன் வரவு-செலவுக் கணக்கு எப்படி இருக்கும்? வரவுப் பக்கம் கிட்டத்தட்ட காலி! யாரையும் விலக்க முடியாத, யாரிடமும் கட்டணம் வசூலிக்க முடியாத ஒன்றைப் பொதுப்பண்டம் என்கிறது பொருளாதாரம். அதில் ஒரு சிக்கல்: எல்லோருக்கும் பயன்படும், ஆனால் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை தனியாக யாருக்கும் வராது. அப்படிப்பட்ட இடம் ஆட்சி மாறினால் ஆடிப்போகும். 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டது. 2006-ல் திரும்பி வந்தது. சீரணி அரங்கம் திரும்பி வரவில்லை.

மேடை போனால் கூட்டமும் போய்விடுமா? 2017 ஜனவரியில் பதில் கிடைத்தது. ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் மக்கள் அதே கடற்கரையில் கூடினார்கள். இரவில் செல்போன் வெளிச்சமே விளக்கு. ஜனவரி 23-ல் போலீஸ் கலைத்தது. 2018-ல் விவசாயிகள் அங்கே உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டபோது போலீஸ் மறுத்தது; உயர் நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றது.

ஆக, 1907-ல் மேடை இல்லை, கூட்டம் நடந்தது. 2018-ல் மணல் அப்படியே இருந்தது, கூட்டம் நடக்கவில்லை. திறந்தவெளி அரங்கத்தை அரங்கமாக்குவது சிமென்ட் அல்ல, கூடுவதற்கான அனுமதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே அடையாறு பக்கம் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2015-ல் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் சேர்ந்து, பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு கலைவிழாவைத் தொடங்கினார்கள். சபாக்களில் கேட்கிற கர்நாடக இசை மீனவர் குப்பத்தில் ஒலித்தது. அதற்கும் டிக்கெட் கிடையாது. கல்லூரி ஆடிட்டோரியத்துக்கே ஐடி கார்டு கேட்கும் காலத்தில், இப்படி ஒரு இடம் நமக்கு வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.