ஆஸ்பெல்6-டிஏ-20040424-1: போர்ட்ஸ் மரத்தில் தமிழ் நுழைந்த வழி

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பு எவ்வாறு வளர்ந்தது என்று ஆராயப் புகுவோர், போல்-ஹென்னிங் காம்ப் 2012இல் ஏசிஎம் கியூ இதழில் எழுதிய கட்டுரையைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. கடைவீதியில் ஒரு தலைமுறையே தொலைந்துபோயிற்று என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அக்கட்டுரை, எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்த பேராலயம், கடைவீதி என்னும் உவமையை எடுத்துக்கொண்டு, தலைமைச் சிற்பி ஒருவரும் இல்லாத கடைவீதியில் கட்டப்பட்ட மென்பொருள் எப்படிச் சீரழிந்தது என்பதற்குப் போர்ட்ஸ் தொகுப்பையே சான்றாக நிறுத்துகிறது. காம்ப் வெளியிலிருந்து குறைகூறியவர் அல்லர். ஃப்ரீபிஎஸ்டியின் உள்ளமைப்பில் பல ஆண்டுகள் உழைத்தவர், ஜெயில் என்னும் தனிச்சிறைப் பாதுகாப்பு முறையை அதற்கு எழுதித் தந்தவர். ஆகவே அவருடைய வாசிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் போர்ட்ஸ் மரம் என்று வழங்கும் இத்தொகுப்பில் தமிழ் நுழைந்த வழியைப் பின்தொடரும்போது, அவ்வாசிப்பு தவறான இடத்தில் தவறான காலத்தைக் குறித்துவிட்டதோ என்ற ஐயம் வலுக்கிறது.

போர்ட் என்பது ஓர் இயந்திரத்துக்கோ இயங்குதளத்துக்கோ எழுதப்பட்ட மென்பொருளை இன்னொன்றில் ஓடும்படி திருத்தி எடுத்துவருவது. யூனிக்ஸ் தன்னையே இவ்வாறு 1977–78 அளவில் வொலன்காங் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் இன்டர்டேட்டா இயந்திரங்களுக்குப் பெயர்த்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டியில் இச்சொல் சுருங்கி, ஒரு மென்பொருளை எங்கிருந்து இறக்குவது, எதைத் திருத்துவது, எப்படித் தொகுப்பது, எங்கே நிறுவுவது என்று சொல்லும் சில சிறு கோப்புகள் அடங்கிய அடைவைக் குறிக்கலாயிற்று. அடைவில் மேக்ஃபைல் என்னும் செய்முறைக் கோப்பு இருக்கும். இறக்கப்படும் மூலக்கோப்பின் பைட் அளவையும் சரிபார்ப்பு எண்ணையும் தாங்கிய டிஸ்ட்இன்ஃபோ இருக்கும். விளக்கக் குறிப்பும், தேவைப்பட்டால் ஒட்டுத்திருத்தங்களும் இருக்கும். பயனர் அவ்வடைவுக்குள் சென்று ‘மேக் இன்ஸ்டால் கிளீன்’ என்று தட்டினால், இறக்குதல், எண் சரிபார்த்தல், விரித்தல், ஒட்டுப்போடுதல், தொகுத்தல், நிறுவுதல், பதிவேட்டில் ஏற்றுதல் ஆகியவை வரிசையாக நடந்தேறும். இன்று பலரும் பிகேஜி கட்டளையால் முன்கூட்டியே தொகுத்த பேக்கேஜை இறக்கிக்கொள்கின்றனர் என்றாலும், அந்தப் பேக்கேஜும் இதே அடைவிலிருந்துதான் பிறக்கிறது.

தொகுப்பின் பிறந்த நாளை இன்னதென்று அறுதியிடுவது எளிதன்று. ஜோர்டன் ஹப்பர்ட் பேக்கேஜ் நிறுவும் கருவிகளின் மேக்ஃபைலை 1993 ஆகஸ்ட் 26 அன்று களஞ்சியத்தில் சேர்த்தார். போர்ட்ஸ் மேக்ஃபைல் 1994 ஆகஸ்ட் 21 அன்றுதான் வந்து சேர்ந்தது. முன்னதைக் கொண்டால் தொகுப்புக்கு ஒரு வயது கூடும். இரண்டில் எதையும் முழுமையாக ஏற்கவோ மறுக்கவோ வலுவான காரணமில்லை. நிறுவும் கருவியைத் தொகுப்பின் கருவாகக் கொள்வதா, தொகுப்பைத் தனிப் பிறவியாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தது அது. ஹப்பர்டும் சடோஷி அசாமியும் சில ஆண்டுகள் சட்டகத்தைப் பேணினர். 1997 அக்டோபரில் அலிஸ்டர் குரூக்ஸும் ஹூபர்ட் ஃபைரரும் இதை அடியொற்றி நெட்பிஎஸ்டிக்குப் பேக்கேஜ்சோர்ஸை உருவாக்கினர். எந்தக் கணக்கைக் கொண்டாலும் போர்ட்ஸ் சட்டகம் ரேமண்டின் உவமைக்கு இரண்டரை ஆண்டேனும் மூத்தது என்பது மட்டும் உறுதி.

இந்தக் காலவரிசையே காம்பின் வாசிப்பை இடறச் செய்கிறது. அவர் காட்டும் தலையாய சான்று ஃபயர்ஃபாக்ஸ் உலாவி: அதைத் தொகுக்க 122 பேக்கேஜ்கள் தேவைப்படுகின்றன, அவற்றுள் டிஃப் படங்களைக் கையாளும் நூலகமும் ஒன்று, ஆனால் தொகுத்து முடிந்த ஃபயர்ஃபாக்ஸ் டிஃப் படத்தைக் காட்டாது, பத்துப் பேக்கேஜ்கள் பெர்ல் மொழியையும் ஏழு பைதான் மொழியையும் கேட்கின்றன, கிளிப் நூலகம் இரண்டையும் கேட்கிறது. இவற்றில் எதையும் மறுப்பதற்கில்லை. டிஃப் நூலகத்தின் கதை எந்தப் பொறியாளரையும் வெட்கப்படுத்தும். இந்தச் சங்கிலியின் அடியில் லிப்டூல் என்னும் கருவியையும், எந்த யூனிக்ஸில் எது உண்டு என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர் குறுநிரல்களையும் அவர் காண்கிறார். ஆனால் அந்தச் சோதனைக் குறுநிரல்களைப் பெற்றெடுத்த ஆட்டோகான்ஃப் 1991இல் தொடங்கியது. கடைவீதி என்ற சொல் பிறக்கும் முன்பே, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு யூனிக்ஸை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பேராலயங்களுக்கிடையே நடந்த பூசலின் விளைவாக எழுந்தது அது. காம்ப் இதை அறியாதவர் அல்லர், அக்காலத்தில் யூனிக்ஸ் பலவாகப் பிரிந்து கிடந்ததைக் குறிப்பிடவே செய்கிறார். ஆயினும் பழியைப் பின்வந்த தலைமுறையின் மீதே சுமத்துகிறார். பூசலில் ஈடுபட்ட ஆலயங்களின் தவற்றைக் கடைக்காரர் கணக்கில் எழுதுவது நேரிய கணக்காகாது.

இரண்டாவது தடை இடத்தைப் பற்றியது. 122 பேக்கேஜ்களின் சார்பு ஒவ்வொரு மென்பொருளின் மூலத்திலேயே இருக்கிறது. போர்ட்ஸ் மரம் அதை உண்டாக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, பதிப்பெண் கொடுத்து, பொறுப்பாளர் இன்னாரென்று எழுதி வெளிப்படையாக்கியது. காம்பால் 122 என்று எண்ண முடிந்ததே அந்தப் பதிவேட்டால்தான். சார்புகளின் எண்ணிக்கையை மட்டும் அவர் படித்தார், பெயர்களைப் படிக்கவில்லை. கல்வெட்டில் தானமாக வந்த காசை மட்டும் கூட்டிவிட்டுக் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் விட்டுவிடும் வாசிப்போடு இதை ஒப்பிடலாம்.

தமிழுக்கு இம்மரத்தில் கிடைத்துள்ள சான்றுகளுள் நெருங்கிப் பார்க்கத்தக்கது ஒரு கோப்புப் பெயர். எழுத்துப்பிழை திருத்தும் ஆஸ்பெல் நிரலுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் குனு களஞ்சியத்தில் ‘ஆஸ்பெல்6-டிஏ-20040424-1’ என்ற பெயரில் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் இது உரையாக்கத்துக்குரிய டெக்ஸ்ட்ப்ராக் பிரிவில் ‘டிஏ-ஆஸ்பெல்’ என்றும், டெபியன் லினக்ஸில் ‘ஆஸ்பெல்-டிஏ’ என்றும் வழங்குகிறது. ஒன்றில் மொழி முன்னும் கருவி பின்னும், மற்றதில் கருவி முன்னும் மொழி பின்னும் நிற்கின்றன. பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இன்னும் இரண்டு பெயர்கள் கிடக்கின்றன: எழுத்து வரைபடக் கோப்புகள் ‘டிஏஎம்எல்’ என்ற நான்கெழுத்தையும், மாற்றுப்பெயர்க் கோப்பு ஆங்கிலத்தில் முழுமையாக எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லையும் தாங்கியுள்ளன. டிஏ என்பது ஐஎஸ்ஓ 639 தரத்தில் மொழியின் குறி. டிஏஎம்எல் என்பது எழுத்துமுறையின் குறி. எழுத்துமுறைக் குறிகளை வகுத்த ஐஎஸ்ஓ 15924 தரம் வெளிவந்ததும் 2004ஆம் ஆண்டுதான் என்பதால், தொகுத்தவர் அதைப் பார்த்து எழுதினாரா, அதற்கு முன்பே ஓப்பன்டைப் எழுத்துருக்களில் வழங்கிய அதே குறியிலிருந்து எடுத்தாரா என்பதைப் பெயரை மட்டும் கொண்டு தீர்க்க இயலாது.

பெயரில் உள்ள தேதி இதைவிடச் சிக்கலானது. 2004 ஏப்ரல் 24 என்பதைப் பேக்கேஜ் கட்டிய நாளாக நேரே கொள்ளத் தோன்றும். ஆனால் முன்னொட்டாக நிற்கும் ‘ஆஸ்பெல்6’ என்பது இந்த அகராதிக்கு ஆஸ்பெல் 0.60 அல்லது பிந்திய பதிப்பு வேண்டும் என்று அறிவிக்கிறது. அந்தப் பதிப்போ 2004 ஆகஸ்டில்தான் முறையாக வெளியாயிற்று. அதற்கு முந்திய 0.50 வரிசை யூனிகோடைக் கையாளும் திறன் பெற்றிருக்கவில்லை. எனவே இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: முற்றுப்பெறாத சோதனைப் பதிப்பை நம்பி ஏப்ரலிலேயே கட்டியிருக்கலாம், அல்லது ஏப்ரலில் முடிந்த சொற்பட்டியலை ஆகஸ்டுக்குப் பின் கட்டிப் பட்டியலின் தேதியையே பெயரில் விட்டிருக்கலாம். கடைசியில் நிற்கும் ‘1’ இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆஸ்பெல் அகராதிகளில் இறுதி எண் எத்தனையாவது கட்டு என்பதைக் காட்டுகிறது; இந்தி 0.02-0, மராத்தி 0.10-0 என்று சுழியில் தொடங்கும் வழக்கைக் காண்கையில், தமிழ்ப் பேக்கேஜ் ஒருமுறையேனும் பிரித்துக் கட்டப்பட்டது என்று கொள்வது பொருந்தும். ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்கிய கட்டுகளும் இருந்திருக்கலாம் என்பதால் இதை முடிந்த முடிபாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் தேதி பட்டியலுக்கும், முன்னொட்டு கட்டுக்கும் உரியவை என்று பிரித்துக்கொண்டால், ஒரே பெயரில் இரண்டு காலப் படிவுகள் அடுத்தடுத்து இருப்பது தெளிவாகிறது.

இப்பேக்கேஜ் யூனிகோடில் அமைந்தது தமிழுக்கு வாய்ப்பாகவும் முடிந்தது. ஆஸ்பெல் உள்ளுக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு பிட் மட்டுமே ஒதுக்குகிறது. மொத்தம் 256 இடங்கள், அவற்றிலும் ஒரு பகுதி பிற குறிகளுக்குப் போய்விடும். 247 எழுத்துகளையும் தனித்தனியே எண்ணும் குறியாக்கம் இந்த இருக்கைகளில் அமர்ந்திருக்க முடியாது. உயிர், மெய், உயிர்மெய்க் குறி என்று பிரித்து வைக்கும் யூனிகோடின் முறையை எத்தனையோ தமிழறிஞர் குறைகூறினர். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு டேஸ்16 என்னும் பதினாறு பிட் மாற்றையும் ஏற்றது. ஆனால் இந்த ஒரு நிரலில் மட்டும், குறை என்று சொல்லப்பட்டதே கதவைத் திறந்துவிட்டது.

போர்ட்ஸ் மரத்தில் ஜப்பானியம், கொரியம், சீனம், வியட்நாமியம், ஹீப்ரு, அரபு, ஹங்கேரியம் முதலிய மொழிகளுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. தமிழுக்கோ வேறெந்த இந்திய மொழிக்கோ இல்லை. ஜெர்மன் ஆஸ்பெல் ஜெர்மன் பிரிவில் இருக்கத் தமிழ் ஆஸ்பெல் டெக்ஸ்ட்ப்ராக் பிரிவில் ஒதுங்கியிருப்பதைப் புறக்கணிப்பின் அடையாளமாகக் கொள்வது இயல்பு. இக்கட்டுரை வேறு விளக்கத்தை முன்வைக்கிறது. ஜப்பானியப் பிரிவில் தொடக்கத்திலிருந்து இருந்தவற்றுள் பல, லெஸ், விம் போன்ற பொது நிரல்களின் ஒட்டுப்போட்ட படிகள். பல பைட் எழுத்தை மூல நிரல்கள் ஏற்காததால் ஒவ்வொன்றையும் வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. தனிப் பிரிவு ஒரு மரியாதையாக வந்ததன்று, தையல் வேலை நடந்த பட்டறையாக வந்தது. யூனிகோடுக்குப் பின் வந்த தமிழுக்கு அந்தப் பட்டறை தேவைப்படவில்லை. இவ்விளக்கத்துக்கு எதிரான சான்றையும் மறைப்பதற்கில்லை: பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றுக்கு இத்தகைய தையல் பெரிதும் தேவைப்படாமலே பிரிவு அமைந்தது. அங்கே செயல்பட்டது பயனர் எண்ணிக்கையும் ஆர்வமும் என்று கொள்வதே பொருத்தம். அப்படியாயின் 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் குறியாக்கங்களைப் பரிந்துரைத்த காலத்தில், அவற்றுக்கேற்ப யூனிக்ஸ் நிரல்களைத் தைக்கும் முயற்சி ஏன் ஒரு பிரிவாகத் திரளவில்லை என்ற வினா எஞ்சி நிற்கிறது.

தமிழகத்தில் இவற்றைப் பலர் எதிர்கொண்டது டெபியன் வழியாகவே. சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனைக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது; 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் அது விண்டோஸுடன் இணைத்து வழங்கப்பட்டது. உப்பிலியபுரம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர் கையில் வந்த கணினியில் தமிழ் எழுத்துரு தேடினால், டெபியனின் பிந்திய வழக்கப்படி அது ‘ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல்’ என்று தொடங்கும் பெயரில் இருக்கும். பிழைதிருத்தியோ ‘டிஏ’ என்ற பெயரில் இருக்கும். உப்பிலியபுரத்தையே ஆங்கிலத்தில் ஒய் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதும் வழக்குண்டு; ஒன்றைத் தட்டினால் மற்றது அகப்படாது. அந்த ஊர்க்காரருக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியிருக்காது.

இப்பேக்கேஜை ஃப்ரீபிஎஸ்டிக்கு முதலில் கொண்டுவந்தவர் யார் என்பதற்கு இன்று மேக்ஃபைலைப் பார்த்துப் பயனில்லை. முன்பு ஒவ்வொரு மேக்ஃபைலின் தலையிலும் இன்ன மென்பொருளுக்கு, இன்ன நாளில், இன்னாரால் என்று சில வரிகள் இருந்தன; 2012ஐ ஒட்டி அவை ‘உருவாக்கியவர்’ என்ற ஒரு வரியாகச் சுருங்கின. களஞ்சியம் 2012இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கும், 2021இல் கிட்டுக்கும் மாறியபின், 2022 ஜூலையில் அந்த வரியும் நீக்கப்பட்டது. நீக்கியவர்கள் மாற்றக் குறிப்பிலேயே பழைய பெயர்களை வரிசையாக எழுதி நன்றி சொன்னார்கள். திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்து, அவை பழங்கல்லின் படி என்று பொறிக்கச் செய்ததை இது நினைவூட்டுகிறது. ஒரு வேறுபாடு, இங்கே படி சுவரில் இல்லை, திருப்பணிக் கணக்கில் இருக்கிறது. தலைமைச் சிற்பி இல்லாத இடத்தில் ஒழுங்கு இராது என்ற காம்பின் வாசிப்பு, கணக்கைப் புரட்டாமல் சுவரை மட்டும் பார்த்ததால் வந்தது என்றே தோன்றுகிறது.

தேதியைப் பதிப்பெண்ணாக்கியதன் விளைவு ஒன்று இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் பெயரையும் பதிப்பையும் பிரிப்பது இடைக்கோடு என்பதால் பதிப்பெண்ணுக்குள் அது வரலாகாது. 20040424-1 என்பதன் கோடு புள்ளியாகிவிடும். யாரேனும் புதிய சொற்பட்டியல் தொகுத்து 1.0 என்று எண்ணிட்டால், 20040424 அதைவிடப் பெரிய எண் என்பதால் பிகேஜி புதியதைப் பழையது என்று கொண்டு, ஏற்கெனவே நிறுவியதை மேம்படுத்தாது. அதைத் தவிர்க்கப் பொறுப்பாளர் ‘ஈபாக்’ என்னும் ஊழி எண்ணை ஒன்று கூட்டி, பதிப்பின் பின்னால் காற்புள்ளியிட்டு எழுத வேண்டியிருக்கும். ஒருமுறை கூட்டிய ஊழியைப் பிறகு குறைக்க வழியில்லை.